பத்து எம்.எம். சாதாக் கண்ணாடி

கண்ணாடிக் கடைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு கேட்டே விட்டார்.

"ஏம்மா, எல்லாரும் கண்ணாடியில முகத்தைப் பார்ப்பாங்க. நீங்க என்ன, கண்ணாடியையே பார்க்கறீங்க?"

தரையில் விரித்திருந்த சாக்கின்மேல் மண்டியிட்டு, கன்னம் படும் அளவுக்குத் தலையைச் சாய்த்திருந்தேன். கூரையிலிருந்த ட்யூப் லைட் கண்ணாடிக்குள் வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. தலையை மெல்ல நகர்த்தினால் கோடும் கூடவே நகர வேண்டும். நகர்ந்தது. பாதி தூரம் வந்ததும், தண்ணீருக்குள் கிடக்கும் கயிறுபோல லேசாக நெளிந்தது.

"இது வேண்டாம்," என்றேன்.

"இதுவா? டஃபன் கிளாசும்மா. மேல ஏறிக் குதிச்சாலும் ஒண்ணும் ஆகாது. சாப்பாட்டு மேசைக்குன்னு ஒருத்தர் அளவு கொடுத்துட்டு ஆளே காணாமப் போயிட்டார். விளிம்பு பூரா பாலிஷ். கையை வெட்டாது."

"சூடு பண்ணி இறுக வெச்ச கண்ணாடியில அலை விழுந்திருக்கும். எங்களுக்கு மட்டமா இருக்கணும். அது போதும்."

கடைக்காரர் என் கணவர் பக்கம் திரும்பினார். "சார், மரவேலை உங்களுதா, இவங்களுதா?"

"மரவேலை என்னுது. கூர் அவளுது," என்றார் இவர் பெருமையாக. "பதினோரு வருஷமா எங்க பட்டறையில ஒரு உளிகூட அவ கை படாம மரத்தைத் தொட்டதில்ல."

இதை அவர் எல்லோரிடமும் சொல்வார். கதவு செய்யச் சொல்லி வருபவர்களிடம் சொல்வார், மகளின் ஆசிரியையிடம் சொல்லியிருக்கிறார், ஒருமுறை பல் மருத்துவரிடம் வாயைத் திறந்துகொண்டே சொல்ல முயன்றார். முதல் சில வருஷங்கள் இதைக் கேட்டால் என் முகம் சூடாகும். இப்போது கேட்கும்போது, அறைக்கு வெளியே யாரோ நின்று, தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்ப்பதுபோல இருக்கிறது.

பட்டறை எங்கள் வீட்டின் பின்பக்கம். இவரும் இவர் தம்பியும் கதவு, ஜன்னல், அலமாரி செய்கிறார்கள். நடுவே பெரிய வேலைமேசை. சுவரோரம், தண்ணீர்க் குழாய்க்கும் பலகை அடுக்குக்கும் இடையில் இருக்கும் கொஞ்ச இடம் என்னுடையது. ஒரு முக்காலி, ஒரு தீட்டுக்கல், ஒரு வாளி. கல்யாணமான முதல் வருஷம், சமையலறைக் கத்தி வெட்டவில்லையே என்று அந்தக் கல்லில் தீட்டினேன். இவர் அதை முன்கையில் வைத்து இழுத்துப் பார்த்தார். மயிர் மழிந்தது. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினார். மறுநாள் ஓர் உளி வந்தது. அதற்கு மறுநாள் நான்கு. என்னை யாரும் அங்கே உட்கார வைக்கவில்லை. நானேதான் போய் உட்கார்ந்தேன். எழுந்திருக்கலாம் என்று தோன்றிய நாளில்தான், முக்காலியைச் சுற்றி எல்லாம் அடுக்கி முடிந்திருந்தது தெரிந்தது.

தீட்டுக்கல் தேயும். நடுவில் அதிகம், ஓரத்தில் குறைவு. குழி விழுந்த கல்லில் தட்டையான உளியைத் தீட்டுவதென்றால் எங்கே அழுத்துவது, எங்கே விடுவது என்று மணிக்கட்டுக்குத் தெரிய வேண்டும். என் மணிக்கட்டுக்குத் தெரியும். வேறு எவருக்கும் தெரியாது. கண்ணாடியில் அந்தத் தொல்லை இல்லை. அதன்மேல் தண்ணீர் தெளித்து உப்புத்தாளைப் படியவைத்து, தாளின்மேல் உளியைத் தேய்த்தால் போதும். தேய்வது தாள்தான். தாளை எறிந்துவிட்டு வேறு தாள் போட்டுக்கொள்ளலாம், கண்ணாடி அப்படியே இருக்கும். மட்டமான கண்ணாடி ஒன்று கிடைத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் ஒரு வாரத்தில் பழகிவிடலாம்.

அந்த 'யார் வேண்டுமானாலும்' எனக்கு ஒன்றாம் தேதிக்குள் வேண்டியிருந்தது. அன்று தேதி பத்தொன்பது.

நகரத்தின் மறுகோடியில் பழைய மரச்சாமான்களைச் சீர்செய்யும் பட்டறை நடத்துகிற ஓர் அம்மா, போன மாதம் பலகை தேடி எங்களிடம் வந்திருந்தார். நான் தீட்டி வைத்திருந்த உளியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு தெரிஞ்சவங்க, இதை மரத்துல வெச்சுப் பார்க்கணும்னு தோணினதே இல்லையா?" என்றார். தோன்றியிருக்கிறது. யாரும் கேட்டதில்லை. அவரிடம் ஜன்னலோரம் ஒரு வேலைமேசை காலியாக இருக்கிறதாம். ஒன்றாம் தேதி வந்துவிட வேண்டும். இல்லையென்றால் வேறு ஆள்.

அன்று மாலையே இவரிடம் கேட்டேன்.

"போயேன், யார் வேண்டாங்கறா?" என்றார். "இங்க கூருக்கு மட்டும் ஒரு வழி பண்ணிட்டுப் போ."

இவர் என்னிடம் எதற்கும் முடியாது என்று சொன்னதில்லை. கையை ஓங்கியதில்லை, குரலைக்கூட உயர்த்தியதில்லை. சண்டை போடுவதற்கு ஒரு சுவராவது வேண்டாமா? நான் முட்டிய இடமெல்லாம் மெத்தையாகவே இருந்தது.

கடைக்காரர் அடுத்து நாலு எம்.எம். கண்ணாடி ஒன்றை எடுத்து நீட்டினார். இரண்டு ஓரத்தையும் பிடித்து மெல்ல அழுத்தினேன். லேசாக வளைந்துகொடுத்தது.

"இது கீழ இருக்கற பலகை எப்படியோ அப்படி வளைஞ்சிடும்."

"கண்ணாடி வளையுமா! நல்லாச் சொன்னீங்க போங்க."

"மெல்லிசா இருந்தா எதுவும் வளையும்ங்க."

சுவரில் சாய்த்திருந்த வெட்டுத்துண்டுகளுக்குப் பின்னால், பத்து எம்.எம். சாதாக் கண்ணாடி ஒன்று தூசியோடு கிடந்தது. ஒரு மூலை உடைந்திருந்தது. கையகல நீளம் போனாலும் மிச்சம் போதும். முந்தானையால் துடைத்து, பையிலிருந்த மூலைமட்டத்தை எடுத்து, அதன் இரும்பு விளிம்பைக் கண்ணாடிமேல் நிறுத்தினேன். பின்னால் இவர் செல்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டார். நீளவாக்கில் பார்த்தேன், குறுக்கே பார்த்தேன், மூலைக்கு மூலை பார்த்தேன். இரும்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு நூல் வெளிச்சம்கூடக் கசியவில்லை. ட்யூப் லைட் கோட்டையும் ஓடவிட்டுப் பார்த்தேன். முனையிலிருந்து முனைவரை நெளியாமல் ஓடியது.

"இதுதான்."

"உடைசலையா எடுக்கறே? பாலிஷ் போட்டது அவ்வளவு அழகா இருக்கே," என்றார் இவர். பிறகு வழக்கம்போல, "சரி, நீ சொன்னாச் சரி."

பேருந்தில் அதை மடிமேல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வேகத்தடை வரும்போதும் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தார். நல்ல மனிதர். ஜன்னல் பக்கம் திரும்பி நான் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மதியம் மகளை ஊசி போட அழைத்துப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது பட்டறையில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் மூலையில், பலகை அடுக்கை ஒதுக்கிவிட்டு, கால்களோடு ஒரு புது மேடை. அதன்மேல் கண்ணாடியைப் பசை வைத்து ஒட்டி, அசையாமலிருக்க நாலு பக்கமும் நடுவிலும் இறுக்கிகளைப் போட்டுத் திருகியிருந்தார்கள்.

"தேய்க்கும்போது நகரக் கூடாதில்ல? அதான்," என்றார் இவர். வேர்வை வழிந்த முகத்தில் அப்படியொரு மலர்ச்சி.

"பூகம்பமே வந்தாலும் அண்ணியோட கண்ணாடி நகராது," என்றார் தம்பி.

மரவேலைக்காரர்களுக்கு ஒரு பொருளைச் சும்மா ஒன்றின்மேல் வைத்துவிட்டுப் போக மனம் வராது. ஒட்ட வேண்டும், இல்லையென்றால் திருகாணி அடிக்க வேண்டும். ஆனால் கண்ணாடியைச் சும்மா வைத்தால்தான் அது மட்டமாக இருக்கும். அவர்கள் எடுத்த பலகையின் நடுவில் ஓர் அட்டைக் கனத்துக்குப் பள்ளம் இருந்தது. இறுக்கியைத் திருகத் திருக, கண்ணாடி அந்தப் பள்ளத்துக்குள் கொஞ்சமாக இறங்கியிருந்தது. பசை காய்ந்தால் அப்படியே நின்றுவிடும்.

வாசலில் நின்றபடியே இதைப் பார்த்துவிட்டேன். பசை இன்னும் ஈரமாக இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அஞ்சு நிமிஷத்தில் கழற்றியிருக்கலாம்.

"நல்லா இருக்கு," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அடுத்த இரண்டு நாளும் எனக்கே நான் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் முகம் வாடக்கூடாது என்று ஒருமுறை. பத்து எம்.எம். அவ்வளவு எளிதில் வளைந்துவிடாது என்று ஒருமுறை. மூன்றாம் நாள் காலை தம்பி இரண்டு உளிகளை அதில் தீட்டிக்கொண்டு போய், ஒரு கதவுச் சட்டத்தில் பள்ளம் வெட்டத் தொடங்கினார். மரம் வெட்டுப்படாமல் பிய்ந்து வந்தது. உளியைத் திருப்பிப் பார்த்தேன். முதுகில் முனையும் அடியும் பளபளத்தன, நடு அப்படியே மங்கலாக இருந்தது.

"ஆயிரம் சொல்லுங்க அண்ணி," என்று தம்பி உளியை என் மடியில் போட்டார். "கண்ணாடியாவது மண்ணாங்கட்டியாவது. உங்க கை மாதிரி வருமா?"

அப்போது எனக்கு உள்ளே சந்தோஷம் வந்தது. சின்னதாக, வெட்கங்கெட்டதாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் வந்தது. நான் இல்லாவிட்டால் இவர்களால் ஆகாது. உளியை எடுத்துப் பழைய கல்லில் வைத்து நாலு இழுப்பு இழுத்த பிறகுதான் என்னையே எனக்குத் தெரிந்தது. தாழ்ப்பாள் வெளியே இருப்பதாக இத்தனை நாள் நினைத்திருந்தேன். உள்பக்கமும் ஒன்று இருந்திருக்கிறது. அதை நான்தான் போட்டிருந்தேன்.

அன்று மதியம் ஆண்கள் இருவரும் ஒரு வீட்டில் ஜன்னல் பொருத்தப் போனதும், கண்ணாடியைப் பிரித்தெடுக்க உட்கார்ந்தேன். காய்ந்த பசையை அறுக்க மெல்லிய கம்பி வேண்டும். கம்பியின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். ஓரகத்தியைக் கூப்பிட்டேன். தம்பியின் மனைவி, என்னைவிட ஒன்பது வயது சின்னவள். காலையில் எக்ஸ்ரே எடுக்கப் பயிற்சி கொடுக்கும் வகுப்புக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். ஏழு மாசம் முடிந்துவிட்டது, இன்னும் அஞ்சு மாசம் பாக்கி.

கண்ணாடிக்கு அடியில் கம்பியை நுழைத்து, எதிரெதிரே உட்கார்ந்து இழுத்தோம். அவள் பக்கம் ஒரு இழுப்பு, என் பக்கம் ஒரு இழுப்பு.

"உங்க கொழுந்தனார் ஒட்டினா கழற்றவே முடியாது அக்கா. போன வருஷம் என் செருப்பை ஒட்டிக் கொடுத்தார். கால் வெளிய வரல."

சிரித்துவிட்டு, கம்பியை இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தாள்.

"அக்கா, நீங்க ஒண்ணாம் தேதி போறது நிச்சயம்தானே?"

"கண்ணாடி சரியா வந்துட்டாப் போவேன். ஏன்?"

"நீங்க போனதும் நான்தான் இங்க உக்காரணுமாம்."

கம்பியை விட்டேன்.

"யார் சொன்னா?"

"அவர்தான். 'அண்ணி போறாங்க, நீ சும்மாதானே இருக்கே'ன்னார். வகுப்புக்குப் போறேனேன்னு சொன்னேன். 'போ, யார் வேண்டாங்கறா? வந்து தீட்டு'ங்கறார். காலைல ஆறு உளி, மத்தியானம் ஆறு உளி, நடுவுல வீட்டு வேலை. எப்பக்கா படிக்கறது?"

என் கணவரின் சொற்கள் அவர் தம்பியின் வாயிலிருந்து எழுத்துப் பிசகாமல் வந்திருந்தன. 'யார் வேண்டுமானாலும்' என்று நான் நினைத்தபோது என் மனதில் ஒரு முகமும் இருக்கவில்லை. அவர்கள் இருவர் மனதிலும் முதல் நாளிலிருந்தே ஒரு முகம் இருந்திருக்கிறது.

"உனக்கு இது வராதுன்னு சொல்லிடேன்," என்றேன்.

"நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. அவளுக்குக் கை வரலன்னு சொல்லிடுங்க."

"சொன்னா நான் போக முடியாது."

"ஆமா," என்றாள். அவளும் அதைத் தெரிந்தேதான் கேட்டிருக்கிறாள். தப்பில்லை. நானும் அவள் வயதில் யாரையாவது கேட்டிருக்க வேண்டும்.

கம்பியை மறுபடி எடுத்தோம். கடைசி மூலை விடுபட்டதும் கண்ணாடி தானாக லேசாக எழும்பி நின்றது. துடைத்து, மூலைமட்டத்தை நிறுத்திப் பார்த்தோம். வெளிச்சம் கசியவில்லை. நேர்பலகை ஒன்றைத் தேடி எடுத்து அதன்மேல் பழைய துணியை விரித்து, கண்ணாடியைச் சும்மா வைத்தேன்.

அடுத்த நாள் இவர் முன்னாலேயே அவளை உட்காரவைத்துக் காட்ட வேண்டியதாயிற்று. தாளை எப்படி நனைப்பது, உளியின் சாய்வை எப்படிப் படிய வைப்பது, பின்பக்கம் பிசிறு எழுந்ததை விரலால் எப்படித் தடவிப் பார்ப்பது எல்லாம் சொன்னேன். வேண்டுமென்றே அவசரமாகச் சொன்னேன். பாழாய்ப் போன பெண், எக்ஸ்ரே மேசையில் ஆளைப் படுக்கவைக்கிற மாதிரி உளியை அசங்காமல் படுக்கவைத்தாள். அரை மணி நேரத்தில் முன்கை மயிர் மழிந்தது.

"அடடே, உனக்கும் கை இருக்கே!" என்றார் இவர். தம்பி வந்து பார்த்தார். இருவரும் மாறிமாறி முன்கையில் இழுத்துப் பார்த்துக்கொண்டார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான் எங்கே உட்கார்ந்திருந்தேனோ, எப்படி வெட்கத்தோடு சிரித்தேனோ, அதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வெளியே போகும் கதவு இதுதான். இவளை உள்ளே தள்ளினால்தான் அது திறக்கும்.

மிச்சமிருந்த நாட்களில் எத்தனையோ விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அஞ்சு மாசம் நான் பொறுக்கலாம். ஆனால் ஜன்னலோர மேசை பொறுக்காது. வாரக் கடைசியில் வந்து எல்லா உளிகளையும் தீட்டிவைக்கலாம். அது முக்காலியை முதுகில் கட்டிக்கொண்டு போவதுபோலத்தான். ஒவ்வொரு வழியிலும் அந்த இடத்தில் நானோ அவளோ உட்கார்ந்திருந்தோம். வேறு யாரையும் அங்கே உட்காரவைத்துப் பார்க்க எனக்கே தோன்றவில்லை. என் மனமும் அந்தப் பட்டறையில்தானே வளர்ந்தது.

ஒன்றாம் தேதி காலை ஏழரைக்குப் பையோடு பட்டறைக்குள் போனேன். எட்டேகாலுக்குப் பேருந்து. இவர் என்னைப் பார்த்துவிட்டு, நிஜமான அன்போடு, "கெளம்பிட்டியா? நல்லபடியாப் போயிட்டு வா," என்றார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். "ஏம்மா, வந்து உக்காரு. அக்கா போறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை பார்த்துக்கட்டும்."

அவள் வகுப்புக்குப் போகும் சேலையில், கையில் நோட்டோடு வந்து நின்றாள். நோட்டை எங்கே வைப்பது என்று இடம் தேடினாள். பலகை அடுக்கின்மேல் வைத்தாள். மரத்தூள். எடுத்துத் தட்டிவிட்டு மறுபடி கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"அவ வேண்டாம்," என்றேன்.

"ஏன்? அன்னிக்கு நல்லாப் பண்ணினாளே."

"நீங்க உக்காருங்க."

இவர் சுற்றிலும் பார்த்தார், வேறு யாரையோ சொல்கிறேன் என்பதுபோல.

"நானா?"

"உங்க உளியை நீங்க தீட்டுங்க. தம்பி உளியைத் தம்பி தீட்டட்டும். அதுக்குத்தானே மட்டமான கண்ணாடி பார்த்து வாங்கினது? யாருக்கும் வரும்னு."

"அண்ணன் உக்காந்தா அந்த முக்காலி தாங்குமா அண்ணி?" என்று தம்பி சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பு கொஞ்ச தூரம் தனியாகப் போய் நின்றது.

"எனக்கு வேலை நிக்குதும்மா," என்றார் இவர் மெதுவாக. "இன்னிக்கு அந்தக் கதவு போகணும். நீ சொன்னாச் சரிதான். நாளைக்கு வேணா..."

"இப்போ. ஒரே ஒரு உளி."

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. உயரவில்லை. அவர் குரல்போலவே தணிந்து, இணக்கமாக, அசையாமல் இருந்தது. அதைப் பேசக் கற்றுக்கொள்ள இத்தனை வருஷமாகியிருக்கிறது.

அவர் உட்கார்ந்தார். முக்காலி தாங்கியது. தாளை நனைத்தார், ஒரு பக்கம் காற்றுக் குமிழி நின்றது. அதைத் தேய்த்து விடவில்லை. உளியை வைத்து இழுத்தார். போகும்போது மேலே தூக்கினார், வரும்போது கீழே தாழ்த்தினார். தொட்டில் ஆட்டுவதுபோல இருந்தது. அப்படித் தேய்த்தால் முனை உருண்டுபோகும். அது அவருடைய அகல உளி, போன வாரம் நான்தான் அதைச் சவரக் கத்திபோல ஆக்கிவைத்திருந்தேன். அது என் கண்ணெதிரே மழுங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு இழுப்பும் என் பல்லில் பட்டது. முழங்கையை ஒட்டி வையுங்கள், அவ்வளவுதான். விரலை ஒரு அங்குலம் கீழே. ஒரே ஒரு தடவை அந்தக் கையைப் பிடித்து நகர்த்தி வைத்தால் போதும்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நெற்றியில் வேர்த்திருந்தது. கோபம் இல்லை. உதவி கேட்கும் கண்கள், அவ்வளவுதான்.

என் கை எழுந்துவிட்டது. நான் எழுப்பவில்லை, அதுவாக எழுந்தது. பை தோளிலிருந்து நழுவியது. அவர் முழங்கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போது, பின்னாலிருந்து ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. எக்ஸ்ரே மேசையில் ஆள் அசையாமல் இருக்கப் பிடிக்கும் பிடி.

"விடுங்கக்கா," என்றாள் காதோரம். "மணி எட்டு."

"இது சரியா வருதா, பாரு," என்றார் இவர்.

எனக்குத் தெரியும். அந்த இடத்திலிருந்தே, தொடாமலே சொல்ல முடியும்.

"தீட்டிப் பார்த்துட்டு மரத்துல வெச்சுப் பாருங்க," என்றேன். "அது சொல்லும்."

அவர் மறுபடி குனிந்தார். மறுபடி அந்தத் தொட்டில் ஆட்டம். அவள் என் மணிக்கட்டை விடாமலே என்னைத் திருப்பி, பட்டறைக்குள்ளிருந்து வெளியே நடத்தினாள். முதுகுக்குப் பின்னால் உளி தப்புத் தப்பாக உரசும் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. அங்கே அவளுடைய பேருந்துக்கு இடதுபக்கம் போக வேண்டும், எனக்கு வலதுபக்கம். அப்போதும் அவள் கையை எடுக்கவில்லை. எடுத்தால் நான் திரும்பிவிடுவேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. என் பேருந்து வரும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.